சம்பந்தி அளந்த இடுப்பும் ரெண்டாவது சீட்டும்

1

ரெண்டு பட்டுச் சீலை கேட்டு வாங்குனேன்னு உனக்கு யாருடி சொன்னது சரசு, மேலத்தெரு செல்லம்மாவா? அவதான் சொல்லியிருப்பா. கேட்டது நெசந்தான். ரெண்டு கேட்டேன், ரெண்டும் வாங்குனேன், ஊரே பாக்க வாங்குனேன். ஆனா எதுக்குக் கேட்டேன்னு அவ உனக்குச் சொல்லியிருக்க மாட்டா. பாதியச் சொல்லிட்டு மீதிய முழுங்குறது அவளுக்குச் சின்ன வயசுலேருந்து பழக்கம். நீ பேத்தி பேறுகாலத்துக்குத் திருப்பூரு போயிட்டே. நீ மட்டும் அன்னைக்கு ஊர்ல இருந்திருந்தா சிரிச்சே உருண்டிருப்பே.

முழுசாச் சொல்றேன் கேளு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அது உனக்குப் புதுசு இல்ல. மருமவ கவிதாதான் இந்தப் போன்ல மைக்குப் படத்த அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பேசுங்கத்தேன்னு பழக்கிவிட்டுச்சு. வெரல எடுத்தா பேச்சு உன்கிட்ட ஓடிப் போயிடும். அதனால துண்டு துண்டாத்தான் வரும். மேல இருக்குறத முதல்ல கேளு, மாத்திக் கேட்டுட்டு என்னைக் கொழப்பாத.

நான் இந்த மலாக்காவுக்கு வந்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அத்தை மகனக் கட்டிக்கிட்டு கப்பல்ல வந்தேன். அப்ப எப்பிடி இருந்தேன்னு உனக்குத்தான் தெரியும், வேலிக் குச்சி மாதிரி இருந்தேன். டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துல எங்க மாமியா என்னைப் பாத்ததும் சொன்ன முத வார்த்தை, "இது பால்மரம் சீவுமா, இல்ல காத்தடிச்சா பறந்து போயிடுமா" ங்கிறதுதான். நான் இருந்த இருப்புக்கு அந்தக் கப்பல்ல எனக்கு அரை ஆள் எடந்தான் வேணும். அரை டிக்கெட்டு காச எவனாச்சும் திருப்பிக் குடுத்தானா? குடுக்கல. இத மனசுல வச்சுக்க, பின்னாடி வரும்.

இப்ப நான் குண்டு. மறைக்க என்ன இருக்கு. மூணு புள்ள, முப்பது வருசம் மரம் சீவுனது, அப்பறம் முட்டி போயி உக்காந்தது, எல்லாம் சேந்து இந்த ஒடம்பு. இப்ப குருபோங்ல மவன் சுரேசு வீட்ல இருக்கேன். அவன் பேக்டரிக்குப் போறான், கவிதா ஆபீசுக்குப் போவுது, பேரன் தர்ஷன நான் பாத்துக்குறேன். அவனுக்குப் பதினோரு மாசம். என் மடியத் தவிர வேற எங்கயும் தூங்க மாட்டான். அந்த மடிக்குத்தான் இவ்வளவு சண்டையும்.

அய்யய்யோ, வெரல் நழுவுது, இரு.

2

போச்சு, போயிடுச்சு. சரி.

சம்பந்தி தனலெட்சுமிய நீ பாத்ததில்ல. கவிதாவோட அம்மா. மலாக்கா டவுன்ல ரவிக்கை தைக்கிற கடை வச்சிருக்கா. ஒல்லியா, வெடவெடன்னு, கழுத்துல எந்நேரமும் அந்த அளவெடுக்குற டேப்பு தொங்கும். கோயிலுக்கு வந்தாக்கூட சில நாளு கழட்ட மறந்துட்டு வருவா. தையலு நல்ல தையலு, அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

அவ கடையில ஒரு அளவு நோட்டு இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்து மூலையில அவுங்க ரவிக்கைத் துணியிலேருந்து ஒரு துணுக்கு வெட்டி, ஸ்டேப்ளர் அடிச்சு வச்சிருப்பா. எது யாரு பக்கம்னு என்னைப் போல படிக்கத் தெரியாதவளும் கண்டுபிடிச்சிடலாம். அந்த நோட்டுல டவுன்ல இருக்குற பாதிப் பொம்பளைங்க ஒடம்பு இருக்கு சரசு. ஒரு தையக்காரி அத அடுத்தவங்ககிட்ட வாய் விட்டுச் சொல்ல மாட்டா. சொன்னா அன்னையோட கடைய மூடிட வேண்டியதுதான்.

பேரனுக்கு முடியெறக்கிக் காது குத்தறதுக்கு நம்ம ஊரு முனியய்யா கோயிலுக்குப் போறதுன்னு முடிவாச்சு. எங்க வீட்டுக்காரரு கொலசாமி அதான. ரெண்டு வீட்லயும் சேத்து ஆறு பேரு, அப்பறம் மடியில புள்ள. நான், சுரேசு, கவிதா, சம்பந்தி, அவ வீட்டுக்காரரு, அவ மவன் தினேசு. தினேசுதான தாய்மாமன், அவன் மடியில ஒக்கார வச்சுத்தான காது குத்தணும்.

ஒரு நா சம்பந்தி போன் போட்டா. "சம்பந்தி, விசேசத்துக்கு உங்களுக்கு என் கையால ஒரு ரவிக்கை தைக்கிறேன், கடைக்கு வாங்க லா." இந்த ஊர்ல பேச்சுக்கு முடிவுல ஒரு லா ஒட்டிக்கும். எனக்கு மனசு குளுந்து போச்சு. கிளிப்பச்சையில துணி எடுத்துக்கிட்டுப் போனேன். கையளந்தா, மார்பு அளந்தா, முதுகு அளந்தா. அப்பறம் "இந்த முக்காலியில கொஞ்சம் உக்காருங்க சம்பந்தி" ன்னா. உக்காந்தேன். ஒரு பக்கத்துலேருந்து மறு பக்கம் வரைக்கும் டேப்ப நீட்டிப் புடிச்சா.

ரவிக்கைக்கு ஆள உக்கார வச்சு இடுப்புக்குக் கீழ அளவெடுத்தத நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா? எனக்கு அங்கயே பொறி தட்டியிருக்கணும். தட்டல. புது ரவிக்கை ஆசை.

அடுத்த ஞாயித்துக்கெழம எங்க வீட்ல எல்லாரும் சாப்பிட வந்தாங்க. உம்பாய் கடலோரத்துலேருந்து எறா வாங்கியாந்து சம்பலு வச்சிருந்தேன். சாப்பிட்டு முடிச்சு சுரேசு கம்ப்யூட்டரத் தொறந்து வச்சு டிக்கெட்டு போடுறான். சம்பந்தி கைப்பையில கைய விட்டு அந்த நோட்ட எடுத்தா. என் பக்கத்தப் பிரிச்சா. கிளிப்பச்சைத் துணுக்கு எனக்கே தெரியுது.

"மாப்புள, தப்பா எடுத்துக்காதீங்க. ஏரோப்ளேன் சீட்டு பதினேழு இஞ்சி. சம்பந்தி உக்காந்தா இருபத்தி மூணு. போன தடவ ஊருக்குப் போனப்ப நான்தான் பக்கத்துல உக்காந்தேன், எறங்குனப்பறம் ரெண்டு நாளு கை மரத்துப் போச்சு. அந்தக் கம்பெனியில ரூலு இருக்கு, கைப்புடிய எறக்க முடியலன்னா இன்னொரு சீட்டு வாங்கணும்."

என் சம்பலத் தின்ன வாயி சரசு. தினேசு பயலுக்குச் சிரிப்பு அடக்க முடியல, தண்ணி குடிக்கிற மாதிரி கிளாசுக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டான். கவிதா தலைய நிமித்தல.

தோட்டத்துல எத்தன வருசம் நிறுவைக்கு நின்னிருக்கேன். வாளியத் தராசுல தூக்கி வச்சு, கணக்கெழுதுற கிராணி கத்துவாரு, இத்தன கிலோன்னு. கொறைச்சுத்தான் கத்துவாரு, அது வேற கதை. ஆனா நிறுத்தது பாலத்தான். ஆள நிறுத்து சபையில எவனும் கத்துனதில்ல. அத என் சம்பந்தி செஞ்சா, என் வீட்ல உக்காந்து, என் சோத்தத் தின்னுட்டு.

சுரேசு மெதுவாச் சொன்னான், "அம்மா, அங்க கவுண்டர்ல நின்னு அசிங்கப்படுறதுக்கு இங்கயே வாங்கிடலாம்மா."

அங்க என்னை யாருன்னே தெரியாதுடா, இங்கதான எல்லாருக்கும் தெரியும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். தட்டெல்லாம் அள்ளிக்கிட்டே சொன்னேன், "சரிப்பா. ரெண்டு சீட்டே போடு. நான் ரெண்டு பேரா வர்றேன்."

சம்பந்தி சிரிச்சா. வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டா.

3

ஏரோப்ளேன்ல நடந்தத இப்ப நெனச்சாலும் எனக்குத் தேன் குடிச்ச மாதிரி இருக்கு.

பக்கத்து பக்கத்துல ரெண்டு வரிச. ஒரு வரிசைக்கு மூணு மூணு சீட்டு. நாங்க ஆறு பேருன்னா ரெண்டு வரிசையில கணக்கா அடங்கியிருப்போம். இப்ப ஏழு சீட்டு ஆச்சா? ஒருத்தரு பின்னாடி போயாவணும். ஒரு பக்கம் சன்னலோரம் நான், நடுவுல என் ரெண்டாவது சீட்டு, இந்தப் பக்கம் புள்ளயோட கவிதா. அடுத்த பக்கம் மூணு ஆம்பளைங்க. சம்பந்திக்கு எங்க விழுந்துச்சு தெரியுமா? கடைசிக்கு முந்துன வரிசையில நடு சீட்டு. அவ சீட்ட அவளே அளந்து என் இடுப்புக்கு எழுதிக் குடுத்துட்டா.

அந்தப் பணிப்பொண்ணு நடுக் கைப்புடியத் தூக்கி மேல விட்டுச்சு. நீளமா ஒரு பெல்ட்டும் கொண்டாந்து மாட்டிவிட்டு, அந்தப் பக்கத்துச் சீட்டக் காட்டி மலாய்ல என்னமோ கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச தோட்டத்து மலாய்ல சொன்னேன், "இனி சாயா புஞ்ஞா. இத்து புன் சாயா புஞ்ஞா." இது என்னோடது, அதுவும் என்னோடது. அது வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுச்சு. நல்ல பொண்ணு.

வாழ்க்கையில மொத மொதல்ல ஏரோப்ளேன்ல மூச்சு விட்டு உக்காந்தேன் சரசு. பொய் எதுக்கு, சொகமா இருந்துச்சு. என்னாலயும் பக்கத்துல இருக்குறவங்களுக்குக் கஷ்டம்தான், எனக்குத் தெரியாதா? போன தடவ அவ கை மரத்துச்சுன்னா எனக்கு மட்டும் என்ன, திருச்சி வரைக்கும் ஒடம்பக் குறுக்கிக் குறுக்கி இடுப்பே விட்டுப் போச்சு. தனியா என்னைக் கூப்பிட்டு, சம்பந்தி இப்பிடின்னு காதுல சொல்லியிருந்தா நானே ரெண்டு சீட்டு போடச் சொல்லியிருப்பேன்.

மேல ஏறி கொஞ்ச நேரத்துல சம்பந்தி வந்து நிக்கிறா. கொண்டை சரிஞ்சு கெடக்கு, சீலைத் தலைப்பு கசங்கிப் போயிருக்கு.

"என்ன சம்பந்தி" ன்னேன்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு தடியனுங்க லா சம்பந்தி. ஒருத்தன் தோளு என் காதுல இடிக்குது. இன்னொருத்தன் கால விரிச்சுப் போட்டுத் தூங்குறான்."

"அவுங்கள அளக்கலயா நீங்க?"

அவ மொகத்தப் பாக்கணுமே.

"இந்தக் கம்பெனிக்காரன் இடுப்புக்குத்தான் காசு கேப்பானா" ன்னு கேட்டேன். "தோளுக்குக் கிடையாதா? கால விரிக்கிற ஆம்பளைக்குக் கிடையாதா? ஒல்லியா இருக்குறவளுக்கு மிச்ச எடத்துக்குக் காசு திருப்பிக் குடுப்பானா? அப்பிடிக் குடுக்குறதுன்னா கப்பல்ல வந்த வேலிக் குச்சிக்கு இன்னும் பாக்கி வரணும்."

அவளுக்கு கப்பலும் புரியல, குச்சியும் புரியல. "அந்த நடுச் சீட்டு சும்மாத்தான இருக்கு, நான் கொஞ்சம் உக்காந்துக்குறேனே" ன்னா.

"சும்மா இல்ல சம்பந்தி. அதுல என் ஆறு இஞ்சி உக்காந்திருக்கு. நீங்கதான அளந்தீங்க."

கவிதா நடுவுல, "அத்தே, அம்மா பாவம்" ன்னுச்சு. அது நல்ல புள்ள, அது என்ன பண்ணும். நான் பேரன வாங்கி என் மடியில போட்டேன். கால அந்த நடுச் சீட்டுல நீட்டிக்கிட்டு, ரெண்டு நிமிசத்துல கொறட்ட விட ஆரம்பிச்சுட்டான். "பாருங்க, எடம் நெறஞ்சு போச்சு" ன்னேன்.

நாலு மணி நேரம் சரசு. நாலு மணி நேரம் அவ அந்த ரெண்டு தடியனுங்களுக்கு நடுவுல ஊறுகாயா உக்காந்து வந்தா. சுரேசு மட்டும் என்னைப் பாத்து, "போதும்மா" ன்னு கண்ணால கெஞ்சினான். போதும்னு எனக்கு எப்பத் தோணும்னு அவனுக்குத் தெரியல.

4

இப்ப உன் செல்லம்மா சொன்ன எடத்துக்கு வர்றேன்.

முனியய்யா கோயில்ல கூட்டம். பங்காளிங்க எல்லாம் வந்திருக்காங்க. முடியெறக்கியாச்சு. தினேசு மடியில ஒக்கார வச்சு காது குத்துனப்ப பேரன் கத்துன கத்துல வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்துருச்சு. அப்பறம் தாய்மாமன் சீரு வைக்கணும். புள்ளைக்குச் சட்டை, செயினு, மவனுக்கு வேட்டி, கவிதாவுக்குச் சீலை. கடைசியா மாப்பிள்ளையப் பெத்தவளுக்குச் சீலை. எனக்குத்தான. முன்னாடியே பந்தி நாற்காலி ரெண்ட ஒட்டிப் போடச் சொல்லி ரெண்டுலயும் சேத்து உக்காந்திருந்தேன்.

சம்பந்தி தட்ட நீட்டுறா. மாம்பழக் கலருல ஒரு பட்டு, வெத்தலை பாக்கு, பூவு, சந்தனம்.

நான் கைய நீட்டல.

"சம்பந்தி, ஒன்னுதான் இருக்கு."

"என்ன சம்பந்தி?"

"நான் ரெண்டு பேராச்சே. ரெண்டு சீட்டு எனக்குன்னு நோட்டப் பாத்துப் படிச்சீங்கள்ல."

கூட்டம் அப்பிடியே நின்னு போச்சு. உனக்குத் தெரியும்ல நம்ம ஊரு கூட்டம், சோத்துக்கு வர்றத விட சண்டைக்குத்தான் வேகமா வரும். எல்லாம் நெருங்கி வந்துட்டாங்க. பூசாரி கருப்பையா அண்ணன் திருநீத்துத் தட்டோட நடுவுல வந்து, "என்னத்தா வெவகாரம்" ன்னு கேட்டாரு.

நான் எல்லாத்தையும் சொன்னேன். முக்காலிய சொன்னேன், டேப்ப சொன்னேன், எறா சம்பலயும் சொன்னேன். பொம்பளைங்க எல்லாம் வாயில முந்தானைய வச்சுக்கிட்டு நிக்கிறாளுங்க.

பூசாரி சம்பந்தியப் பாத்து கேட்டாரு, "ஏந்தாயி, அளந்தது நெசமா?"

அவ என்ன பண்ணுவா. சாமி சன்னிதி. "அளந்தேன். ஆனா அது ஏரோப்ளேனுக்கு" ன்னா.

"ஏரோப்ளேன்ல ரெண்டு ஆளு, எறங்குனா ஒரு ஆளா?" ன்னாரு பூசாரி. "அது எப்பிடித்தா? அங்க ரெண்டுன்னா இங்கயும் ரெண்டுதான். வைங்க இன்னொன்னு."

அவகிட்ட இன்னொன்னு ஏது? பையில அவ தனக்குன்னு வச்சிருந்த புதுப் பட்டு ஒன்னு இருந்துச்சு. மயில் கழுத்துக் கலரு. ராத்திரி விருந்துக்குக் கட்டணும்னு அயன் பண்ணி வச்சிருந்தா. அத எடுத்துக்கிட்டு வந்தா பாரு சரசு, தன் கையத் தானே வெட்டிக் குடுக்குற மாதிரி. தட்டுல வச்சா. எனக்கு ஒரு தடவ சந்தனம் பூசுனா, பொட்டு வச்சா. அப்பறம் பூசாரி கண்ணக் காட்டுனாரு. பக்கத்துல காலியா இருக்குற நாற்காலிக் கைக்கும் ஒரு தடவ சந்தனம் பூசி, பொட்டு வச்சா.

பந்தியில எனக்கு ரெண்டு எல போட்டாங்க. கெடாக்கறி ரெண்டு எலைக்கும் வந்துச்சு. சம்பந்தியே வாளியத் தூக்கிக்கிட்டு வந்து, ரெண்டாவது எலைக்கு ரெண்டு கரண்டி கூடவே போட்டா. "ரெண்டு பேருல்ல, நல்லா சாப்பிடுங்க" ன்னா. திங்க முடியாம முழிப்பேன்னு அவளுக்கு நெனப்பு. நான் ரெண்டு எலயையும் வழிச்சுத் தின்னுட்டு, மோரும் ரெண்டு கேட்டேன். அன்னைக்கு ராத்திரி வயிறு என்னைப் படுக்க விடல, அது எனக்கும் முனியய்யாவுக்கும் மட்டுந்தான் தெரியும். இப்ப உனக்கும்.

5

இது கடைசி. வடைக்கு எண்ணெய சின்ன நெருப்புல வச்சுட்டு வாசல்ல வந்து உக்காந்திருக்கேன்.

திரும்பி வந்ததுலேருந்து ஒன்றரை மாசமா சம்பந்தி என்கூடப் பேசல. அந்தக் கிளிப்பச்சை ரவிக்கையும் வரல. கவிதா மொகத்துல சிரிப்பு இல்ல. சுரேசு ராத்திரி சோறு திங்கிறப்ப கேட்டான், "அம்மா, சீலை வாங்கிட்டீங்க, சந்தனம் பூச வச்சுட்டீங்க. இன்னும் என்னம்மா வேணும்?"

அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு சரசு, எனக்கு எது வேணும்னு. சீலை இல்ல. "அந்தப் பக்கம் வேணும்டா" ன்னேன். அளவு நோட்டுல என் பக்கம். அந்தக் கடையில அந்த நோட்டுக்குள்ள நான் இருபத்தி மூணு இஞ்சியா உக்காந்திருக்கேன். எப்ப வேணும்னாலும் அவ பிரிச்சுப் படிக்கலாம். நாளைக்கு கவிதாகிட்டப் படிப்பா, மறுநா கடைக்கு வர்றவகிட்டப் படிப்பா. அத அவ கையால கிழிச்சுக் கொண்டாந்து என் கையில குடுக்கணும். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு வேற எவ பக்கத்தையாச்சும் கிழிச்சுக் குடுத்து ஏமாத்த முடியாது, மூலையில என் துணி இருக்கு.

சுரேசு போய்ச் சொல்லிட்டான். இன்னைக்கு வர்றாளாம், சாயங்காலம் டீக்கு.

வாசல்ல ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கேன். ஒன்னுல நான். இன்னொன்னுக்கு அந்த மயில் கழுத்துப் பட்ட மடிப்பெடுத்துக் கட்டி, தலைப்ப முதுகுல போட்டு விட்டிருக்கேன். சந்தனம் பூசுனது நாற்காலிக்குத்தான, சீலையும் நாற்காலிக்குத்தான் சேரும். பாக்க நல்லாவே இருக்கு, என்னை விட அதுக்கு இடுப்பு எடுப்பா இருக்கு. கவிதா ஆபீசுலேருந்து வந்து பாத்துட்டு, "கடவுளே" ன்னு உள்ள போயிடுச்சு. பேரன் அந்தச் சீலையப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்கப் பழகுறான். அந்த நோட்டுப் பக்கம் கைக்கு வந்தா சீலைய அவுத்துட்டு சம்பந்திய உக்கார வைப்பேன். வரலன்னா அந்தச் சீட்டுல ஆளு இருக்கு.

இரு, காரு வருது. அவ காருதான். கதவத் தொறக்குறா. கைப்பையோட ஒரு கையி, இன்னொரு கையில... ரவிக்கை இல்ல சரசு. காகிதம். நாலா மடிச்சிருக்கு. மூலையில பச்சை தெரியுது.

கொண்டாந்துட்டா.

"வாங்க சம்பந்தி... ம், குடுங்க. குடுத்துட்டீங்க. இருங்க, உக்காராதீங்க, சீலைய எடுக்கணும்."

எண்ணெய் காஞ்ச வாசன வருது சரசு, நான் உள்ள போறேன். காகிதத்த அதே நெருப்புல காட்டிட்டு, முத ஈடு வடைய எடுத்துட்டு வந்துதான் சீலைய அவுக்கணும். அது வரைக்கும் நிக்கட்டும். நான் என்ன நாலு மணி நேரமா நிக்கச் சொல்றேன், நாலு வடை வேகுற நேரந்தான.